பேடு பேந்துட்டா போர்டே போச்சா?

டிவியை ரிப்பேருக்குத் தூக்கிட்டுப் போனவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இந்த டயலாக்கைக் கேட்டிருப்பீங்க. "போர்டு போயிடுச்சுங்க, புதுசுதான் போடணும்." எது போச்சுன்னு திருப்பிக் கேட்டிருக்கீங்களா?

நிறைய நேரம் போனது ஒரே ஒரு பேடுதான். சாமானோட காலை ஈயம் வெச்சுப் பத்த வைக்கிற சின்ன செம்பு வட்டம் அது. கனம் பெரும்பாலும் 35 மைக்ரான். பழைய பிக்சர் டியூப் டிவி போர்டு, காகிதத்தையும் பிசினையும் சேர்த்து அழுத்துனது. அடிப்பக்கம் மட்டும்தான் செம்பு. அதைப் பிடிச்சிட்டிருக்கிறது வெறும் பசை. எல்.ஓ.டி. மாதிரி கனமான, சூடாகிற சாமானோட காலைச் சுத்தி ஈயத்துல கீறல் விழும். அதுதான் டிரை சால்டர். அங்கேயே நாலு தடவை சூடு காட்டினா பசை விட்டு பேடு பேந்துடும். ஈயம் உருகறதுக்கு முன்னாடி சாமானை இழுத்தாலும் அதே கதிதான்.

காரீயம் கலந்த 63/37 ஈயம் 183 டிகிரியில உருகும். 2006-ல ஐரோப்பா காரீயத்துக்குத் தடை போட்ட பிறகு பரவின காரீயமில்லாத ஈயம் 217 டிகிரிக்கு மேல கேக்குது. சூடு கூடினா பேடு பேக்கிற ஆபத்தும் கூடத்தானே செய்யும்?

ஆனா இதுக்கு வைத்தியம் இருக்கு. பக்கத்து டிராக் மேல இருக்கிற பச்சைப் பூச்சை பிளேடால சுரண்டி, செம்பு தெரிஞ்சதும் ஈயம் பூசி, அங்கிருந்து சாமான் காலுக்கு ஒரு கம்பி இழுத்துப் பத்த வைக்கணும். கனமான சாமான்னா அரால்டைட் போட்டு நிறுத்தணும். கம்பி கரண்டைத்தான் கடத்தும், எடையைத் தாங்காது.

2006 செப்டம்பர்ல தொடங்கி 2011 வரைக்கும் தமிழ்நாடு அரசு ஒன்றரைக் கோடிக்கு மேல 14 இஞ்ச் கலர் டிவி இலவசமா கொடுத்துச்சு. டிவிதான் இலவசம், ரிப்பேர் இல்லையே! அந்த டிவிக்குப் புது போர்டு வாங்க யாருக்கு மனசு வரும்? நாமக்கல்ல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இப்படிக் கம்பி இழுத்தே எத்தனையோ டிவியை ஓட வெச்சார். அவர் கூலி கேட்டா வர்ற பதில், "ஏனுங்க, ரெண்டு கம்பி வெச்சதுக்கு முந்நூறு ரூவாயா?"

இங்கதான் எனக்குக் கோவம். அட்டைப் பெட்டியில வர்ற புது போர்டுக்கு மூவாயிரம்னா பேரம் பேசாம கொடுக்கறோம். ஒரு மணி நேரம் லென்ஸ் வெச்சுக் கண்ணைச் சுருக்கிப் பாத்த வேலைக்கு மட்டும் பேரம். அப்புறம் அவரும் போர்டு மாத்தறதுதான் பிழைக்கிற வழின்னு முடிவு பண்ண மாட்டாரா? லாரிக்குப் பேர் போன ஊருங்க இது. மெயின் பட்டை உடைஞ்சா லாரியவே மாத்துன்னு இங்க யாராவது சொன்னா விடுவோமா?

எல்லா போர்டையும் காப்பாத்தலாம்னு சொல்ல வரலை. கருகின போர்டுல அந்தக் கரியே கரண்ட் கடத்தும். ஹை வோல்டேஜ் பக்கம் அப்படிக் கருகியிருந்தா மாத்தறதுதான் நியாயம். அதை நேர்மையா சொல்றவரும் நல்ல மெக்கானிக்தான்.

ரிப்பேர் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில குழு போட்டுச்சு, அதே டிசம்பர்ல தளமும் திறந்துச்சு. நல்ல விஷயம். சர்க்யூட் படமும் ஸ்பேரும் தாராளமா கிடைக்கணும். ஆனா பேந்த பேடை ஒட்டுற கையை எந்தச் சட்டமும் உருவாக்காது. அந்தக் கைக்கு ஒழுங்கா கூலி கொடுத்தாத்தான் அது நிக்கும்.

அடுத்த தடவை "போர்டு போச்சு"ன்னா, எந்த இடம்னு காட்டச் சொல்லுங்க. கம்பி இழுத்துச் சரி பண்ணிக் கொடுத்தா, கேட்ட கூலியைக் கொடுத்துட்டு வாங்க.

பி.கு: இதைப் படிச்சுட்டு யாரும் பழைய டிவியைத் திறந்துடாதீங்க சாமி. பிளக்கைப் பிடுங்கின பிறகும் பிக்சர் டியூப்ல ஆயிரக்கணக்கான வோல்ட் நிக்கும்.