சிசேரியனுக்குப் பிறகு தாயைப் பட்டினி போடலாமா?

சிசேரியன் முடிந்து வீட்டுக்கு வரும் எமது பெண்பிள்ளைகள் பலர் என்னிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: வயிறு ஊதியிருக்கிறது, மூன்று நான்கு நாளாக மலம் போகவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் கூட வந்த அம்மாவோ மாமியோ முந்திக்கொள்வார்: "பச்சை உடம்பு டொக்டர், தண்ணி கனக்கக் குடுக்கேல்லை."

இந்தப் பழக்கத்தை நாங்கள் கைவிட வேண்டும் என்பதே எனது கருத்து.

சத்திரசிகிச்சையின் பின் சிறுகுடல் சில மணித்தியாலங்களில் அசையத் தொடங்கிவிடும். பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கலாம். கோடீன், மோர்ஃபின் போன்ற வலி மருந்துகள், இரும்புச்சத்துக் குளிசைகள், தண்ணீர்க் குறைவு, நடமாட்டமின்மை எல்லாம் அதை மேலும் மந்தமாக்கும். பாலூட்டும் தாய்க்கோ தண்ணீர் வழமையைவிடக் கூடுதலாகத் தேவை.

இதற்கு அம்மாமாரை மட்டும் குறை சொல்ல முடியாது. நாங்கள் ஊரில் மருத்துவம் படித்த காலத்தில், காற்றுப் பிரிந்த பிறகே சாப்பாடு என்பது வைத்தியசாலை விதியாகவும் இருந்தது. இன்று அப்படியல்ல. சிக்கல் எதுவுமில்லாத தாய் பசித்தால் சாப்பிடலாம், தாகித்தால் குடிக்கலாம் என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. உணவு உள்ளே போவதே குடலைத் தட்டியெழுப்பும்.

சீனியில்லாத சுவிங்கம் மெல்வதும் உதவலாம். 17 ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் காக்ரேன் அறிக்கையில், சுவிங்கம் மென்ற தாய்மாருக்குச் சராசரியாக ஏழு மணித்தியாலம் முந்திக் காற்றுப் பிரிந்தது. அந்த ஆய்வுகளின் தரம் உயர்ந்ததல்ல. ஆனாலும் செலவும் ஆபத்தும் குறைந்த வழி இது.

சரக்குக் கறிக்கும் உள்ளிக்கும் நான் எதிரியல்ல. அவற்றோடு கீரை, பருப்பு, பழங்களையும் கொடுங்கள். பாலூட்டும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் இருக்கட்டும். தையல் பிரிந்துவிடும் என்று பயந்து மலத்தை அடக்க வேண்டாம். மலம் கழிக்கும்போது காலடியில் சிறு முக்காலி வைத்து, காயத்தின்மேல் மடித்த துவாயை மெதுவாக அழுத்திப் பிடித்தால் போதும். தேவைப்பட்டால் லாக்டுலோஸ் பாவிக்கலாம், அது தாய்ப்பாலுக்குப் பாதகமில்லை. கோடீன் அப்படியல்ல. பாலூட்டும் தாய்மார் அதைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. வேறு வலி மருந்து பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வயிறு தொடர்ந்து பெருத்து, வலி கூடி, வாந்தியோ காய்ச்சலோ வந்தால் கைமருந்து செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. சிசேரியனின் பின் அரிதாகப் பெருங்குடல் செயலிழந்து வீங்கி வெடிக்கவும் கூடும். கொஞ்சம் மலம் போகிறதே என்றும் ஆறுதல்பட வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கணவன்மாருக்கும் மாமிமாருக்கும் ஒரு வேண்டுகோள். நாளுக்கு நாலைந்து தரம் பிள்ளையை நீங்கள் வாங்கி வைத்திருங்கள். அந்தப் பத்து நிமிடமும் அவள் வீட்டுக்குள் மெல்ல நடக்கட்டும்.