எட்டுப் போட்டால் போதுமா?

கல்லூரியிற் சேர்ந்த மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவது இந்நாளில் ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. கடன்பட்டேனும் வண்டி வாங்கிச் சாவியைக் கையிற் கொடுக்கும் அத்தா, ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை மட்டும் மகனின் நண்பனிடம் விட்டுவிடுகிறார். அந்நண்பன் கற்றுத்தருவது பெரும்பாலும் வேகத்தையே. இலக்கியம் பேசும் மலரில் இதனை நாம் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மாவுக்கட்டுடன் வகுப்பறைக்குத் திரும்பும் மாணவரைக் கண்ட ஆசிரியர் எவரும் வியப்படையார்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டினது. கியர் உள்ள வண்டியை ஓட்ட 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும் என்றும், பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம் என்றும் விதிகள் கூறுகின்றன. அந்த 30 நாள் பழகுவதற்கென்றே தரப்பட்டது. நம்மவரோ அதனைக் காத்திருக்கும் காலமாகவே கருதுகின்றனர். தேர்வன்று எட்டுப் போட வேண்டும். கால் ஊன்றாமல் முதற் கியரிலேயே எட்டு முடிந்துவிடும். சமநிலையையும், கிளட்சைப் பிடித்து விடும் நயத்தையும் எட்டு நன்கு சோதிக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறங்கத் தெரியாதவரும் எட்டுப் போட்டுவிட இயலுமன்றோ? சாலையில் உயிரைக் காப்பது பல வேளைகளில் அந்த இறக்கமேயாகும்.

கியர் என்பதனைத் தமிழிற் 'பல்லிணை' என்பர். தமிழ்த்துறை மலரில் இதனைச் சொல்லாது விடுதல் முறையன்று; மெக்கானிக் கடையிற் சொன்னால் மட்டும் ஒரு கணம் அமைதி நிலவும்! சொல் எதுவாயினும் செயல் ஒன்றே. இயந்திரத்துக்கும் பல்லிணைப் பெட்டிக்கும் இடையே நிற்பது கிளட்ச். நெம்புகோலைப் பிடித்தால் தொடர்பு அறுகிறது, விட்டால் பொருந்துகிறது. பாதி விடுகையில் வண்டி மெல்ல முன்னோக்கித் துடிக்கும் ஓர் இடம் உண்டு. அவ்விடத்தை இடக்கை விரல்கள் தாமே அறியும் நாள்வரை ஒருவர் ஓட்டக் கற்றவராகார். தன்னம்பிக்கை நெஞ்சில் பிறப்பதாக மேடைகளில் முழங்குகிறோம். இங்கே அது இடக்கையில்தான் பிறக்கிறது.

இதனை நாம் பட்டறிந்தோம். உரிமம் பெற்ற முதல் வாரத்தில் எல்லீஸ் நகர் மேம்பாலத்தின் ஏற்றத்தில், முன்சென்ற பேருந்து நிற்கவே நாமும் நின்றோம். மீண்டும் கிளம்புகையில் கிளட்சைச் சட்டென விட்டோம், இயந்திரம் அணைந்தது. வண்டி பின்னோக்கி உருண்டது. பின்னால் ஒலித்த ஆரன்களில் கைகள் நடுங்கின. பின்னிருந்த ஆட்டோ ஓட்டுநர் இறங்கி வந்து, "பின் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே கிளட்சை மெதுவா விடுங்க தம்பி" என்றார். எட்டுப் போட்டபோது எவரும் சொல்லாத பாடம் அது.

வண்டிக்கு வண்டி முறை மாறுவதும் பெருந்தொல்லை. 1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டின் பழைய வண்டிகளில் கியர் வலக்காலில் இருந்தது. 1994இல் வந்த ஸ்பிளெண்டரில் முன்மிதியை அழுத்தினால் கியர் ஏறும். இன்று இளைஞர் விரும்பும் வண்டிகள் பலவற்றில் முதற் கியருக்கு மட்டும் அழுத்தி, மற்றவற்றுக்கு மேலே தூக்க வேண்டும். வீட்டில் ஸ்பிளெண்டர் ஓட்டிப் பழகியவர் நண்பரின் வண்டியை இரவல் வாங்கி, கியரை ஏற்றும் எண்ணத்தில் வேகமாகச் செல்லும்போது அழுத்தினால் கியர் இறங்கும். பின்சக்கரம் திடீரென இழுபட்டு வழுக்கும். இரவல் வண்டியில் ஏறுமுன் அதன் முறையை வினவுவதில் இழுக்கொன்றுமில்லை.

பழகுவதற்கு மதுரையைச் சூழ்ந்த சமவெளி நல்ல இடம். நாகமலைப் புதுக்கோட்டையின் கிளைச் சாலைகளில் விடியற்காலையில் ஒன்றிலிருந்து நான்குவரை ஏறி, மீண்டும் இறங்கிப் பழகலாம். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் உலர்வது கண்டால் முன்கூட்டியே கியரைக் குறைத்தல் வேண்டும். நெல்லின் மீது பிரேக் அடித்தவர் மீண்டும் அடியார்! இயந்திரத்தின் முனகலைக் கேட்டு, கியரைப் பாராமல் மாற்றும் பழக்கம் வந்தபின் மாசி வீதிகளுக்குச் செல்லலாம். தள்ளுவண்டியும் மூட்டை சுமப்போரும் குறுக்கிடும் அவ்வீதிகளில் இரண்டாம் கியருக்கு மேல் வேலையில்லை. பழமுதிர்சோலையிலிருந்து இறங்குகையில் பெட்ரோல் மிச்சமாகுமென்று நியூட்ரலில் விடுவோரையும் காண்கிறோம். கியரில் இறங்கினால் இயந்திரமே வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும். நியூட்ரலில் முழுப்பாரமும் பிரேக்கின் தலையில் விழும்.

எனவே பெற்றோரையும் சமுதாயப் பெரியோரையும் ஒன்று வேண்டுகிறோம். கல்லூரி நிருவாகம் ஞாயிறுதோறும் காலையில் மைதானத்தில் ஒரு மூலையை ஒதுக்கித் தரட்டும். அனுபவமுள்ள ஆசிரியர் இருவர், பழைய வண்டி ஒன்று, ஏற்றத்துக்கு ஒரு மண்மேடு இவையே போதும். மாணவியரும் வரலாம், கியரில்லாத ஸ்கூட்டர்தான் பெண்பிள்ளைகளுக்கு என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. செலவு அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு மணிவரை அம்மைதானம் வெறுமையாகவே கிடக்கிறது.