தலைக்கு மேல் தூவிய மழை



2019 மார்ச் 22ஆம் திகதி மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு மேலே, தாய்லாந்து நிபுணர்களின் உதவியோடு, இலங்கை விமானப்படையின் வை-12 விமானம் செயற்கை மழை பெய்வித்த செய்தி தங்கள் பத்திரிகையிலும் வந்தது. முக்கால் மணிநேர மழையாம். பெரிய சாதனையாம். அந்த மேகத்துக்கு நேர் கீழே குடியிருக்கிற எங்கள் தோட்டத்துக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

என்னத்தைத் தூவினார்கள் என்று ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "மழைதானே பெய்தது, விஷமா பெய்தது?" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். பக்கத்து மேசைகளிலும் சிரிப்பு. மலையிலிருந்து வழியும் பீலித் தண்ணீரைக் குடிக்கிறவன் அதில் என்ன விழுந்தது என்று கேட்பது அவ்வளவு வேடிக்கையா?

உப்பு வகைதான், அளவும் சொற்பம், பயப்பட ஒன்றுமில்லை என்று சமாதானம் சொல்கிறார்கள். இருக்கட்டும். பயமில்லாத பொருளின் பெயரைத் தமிழில் அச்சடித்து எங்கள் லயக் குடியிருப்பின் சுவரில் ஒட்ட என்ன பயம்? தேர்தல் வந்தால் அதே சுவரில் ஒட்டத் தெரிகிறதே!

தாய்லாந்தைப் பாருங்கள் என்கிறார்கள். பார்த்தோம். 1955இல் வறண்ட வடகிழக்கு மாகாண விவசாயிகளைக் கண்டு மன்னர் பூமிபோல் தொடங்கி வைத்த செயற்கை மழை வேலை அது. இன்றும் அங்கே விவசாய அமைச்சின் கீழ்தான் நடக்கிறது. இங்கே நடத்தியது மின்சக்தி அமைச்சு. வெயிலில் கொழுந்து கருகி, நிறை எடுக்க முடியாமல் எங்கள் பெண்களுக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தபோது எந்த விமானமும் மஸ்கெலியாப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. லக்சபான நீர்மின் நிலையத்தின் டர்பைனுக்குத் தாகமெடுத்ததும் பறந்து வந்துவிட்டது. அத்தனைக்குப் பிறகும் அதே வாரத்தில் மின்வெட்டு!

இன்னொன்று. மேகம் இல்லாத வானத்தில் எதைத் தூவினாலும் மழை வராது. கூடி நிற்கிற மேகத்தைத்தான் பெய்ய வைக்கலாம். பங்குனியில் பிற்பகல் மழை எங்கள் மலைக்குப் புதிதா? அன்று பெய்ததில் விமானத்தின் பங்கு எவ்வளவு, வானத்தின் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்லிவிட்டு மார் தட்டட்டும்.

அடுத்த தடவை விமானம் ஏறுவதற்கு முன் நாளையும் இடத்தையும் தூவும் பொருளையும் மும்மொழியிலும் அறிவிக்க வேண்டும். அப்படியே எங்கள் மேல் லயத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாயும் போட்டுத் தரட்டும். அதற்குத் தாய்லாந்து நிபுணர்கள் தேவையில்லை, அட்டனிலேயே ஆள் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
மஸ்கெலியா.
30.03.2019