சுத்தியலோடு போன பாதிரியார்கள்

துருக்கியில் நோவாவின் பேழை 'கிடைத்துவிடுவது' வழக்கமான செய்தி. சபைக்குத் தவறாமல் போகும் என் நண்பர் போன வாரமும் ஒரு வீடியோ அனுப்பினார். அராராத் மலைக்குத் தெற்கே துருபினார் என்ற இடத்தில் படகு வடிவில் கிடக்கும் மண்மேடு அது. 1959-இல் விமானப் படங்களில் கண்ணில் பட்டதிலிருந்து அதைப் பேழை என்கிறார்கள். இயற்கையாக உருவான நில அமைப்பு என்பது புவியியலாளர்களின் முடிவு. இதைச் சொன்னால் நண்பரிடம் பதில் தயாராக இருக்கும்: "அவங்க எல்லாம் நாத்திகர்கள் சார், ஒத்துக்க மாட்டாங்க."

ஆனால் உலகை மூழ்கடித்த நோவா காலத்துப் பிரளயத்துக்கே நிலத்தில் சான்று இல்லை என்று அந்தக் காலத்தில் ஒத்துக்கொண்டவர்கள் யாரென்று பார்த்தால் நண்பருக்குத் தர்மசங்கடமாகிவிடும்.

வில்லியம் பக்லண்ட் ஆங்கிலிக்கன் பாதிரியார், ஆக்ஸ்போர்டில் புவியியலும் கற்பித்தவர். 1821-இல் யார்க்‌ஷயரின் கிர்க்டேல் கல்குவாரியில் ஒரு குகை வெளிப்பட்டது. தரையெங்கும் எலும்பு. நோயில் செத்த மாடுகள் என்று நினைத்த குவாரிக்காரர்கள், சல்லியோடு சேர்த்து சாலைக்குப் போட்டுவிட்டார்கள். பார்த்தால் யானை, காண்டாமிருகம், நீர்யானை, கழுதைப்புலி! இங்கிலாந்தில் நீர்யானை ஏது? வெப்ப நாடுகளிலிருந்து பிரளயம்தான் அடித்துவந்திருக்க வேண்டும் என்று விவகாரத்தை முடித்திருக்கலாம். பிரளயத்தை நம்பிய பக்லண்ட் அப்படி முடிக்கவில்லை. யானை நுழைய முடியாத சின்ன வாசல். எலும்புகளில் பல் தடம். ஊர் ஊராகப் போகும் மிருகக்காட்சியில் இருந்த கழுதைப்புலிக்கு மாட்டுக் கால் எலும்பைப் போட்டுப் பார்த்தார். அது கடித்துப்போட்ட மிச்சம் குகையில் கிடைத்ததை அச்சு அசலாக ஒத்திருந்தது. ஆக, அவை அங்கேயே வாழ்ந்த மிருகங்கள். குகை கழுதைப்புலிகளின் வளை. எலும்புகளை மூடியிருந்த சேற்றை மட்டும் நோவா காலத்து வெள்ளத்தின் கணக்கில் எழுதினார். 1836-இல் வெளிவந்த நூலில் அதையும் விட்டுக்கொடுத்தார்.

கேம்பிரிட்ஜின் ஆடம் செட்ஜ்விக்கும் பாதிரியார்தான். ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடக்கும் சரளைக் கற்படிவுகள் ஒரே பிரளயத்தின் மிச்சம் என்று போதித்துவந்தவர். 1831-இல் லண்டன் புவியியல் கழகத் தலைவர் பதவியிலிருந்து விலகும்போது, சபை நடுவில் அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்றார். அந்தப் படிவுகள் ஒரே காலத்தவை அல்ல. மூழ்கிப்போன மனிதரின் எலும்போ கைவேலையோ அவற்றில் ஒன்றுகூட அகப்படவில்லை என்பது அவர் சொன்ன காரணம். டார்வினின் நூல் வர இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. வந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் இதே செட்ஜ்விக்கும் ஒருவர்!

அதன்பின் சேர்ந்த சான்றுகள் அவர்கள் பக்கமே போயின. பேராயர் அஷர் பைபிளை வைத்துப் போட்ட கணக்கில் பிரளயம் கி.மு. 2348. அந்த நூற்றாண்டில் எகிப்தில் மன்னர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பிரமிடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கிரீன்லாந்தில் ஆண்டுதோறும் படிந்த பனி அடுக்குகளை 60,000 ஆண்டுகள் வரை எண்ணியாகிவிட்டது. நடுவே கடல் புகுந்த தடயமில்லை. உலகத்துப் பனி மொத்தமும் உருகினாலும் கடல் 70 மீட்டர் அளவில்தான் உயரும். அராராத் 5,000 மீட்டருக்கு மேல்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் 2016-இல் 510 அடி நீளத்துக்குப் பேழை கட்டி டிக்கெட் போட்டு வைத்திருக்கிறார்கள். தச்சு வேலை அபாரம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை நடத்தும் அமைப்பு, வேதத்துக்கு முரணான எந்தச் சான்றும் செல்லாது என்று தன் விசுவாச அறிக்கையிலேயே எழுதிவைத்திருக்கிறது. தீர்ப்பை எழுதிவிட்டுச் சாட்சியைக் கூப்பிடுகிறார்கள். விசுவாசம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அறிவியல் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதுதான் இடிக்கிறது.

வெள்ளமே வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. பிரளயக் கதைகள் உலவிய மண், டைகிரிஸும் யூப்ரடீஸும் கரைபுரண்டு ஊர்களை மூழ்கடித்த சமவெளி. பிழைத்தவருக்கு அதுதான் உலகம். 1872 டிசம்பரில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜார்ஜ் ஸ்மித், அதே நாட்டின் பழைய நகரமான நினிவேயில் கிடைத்த களிமண் பலகையிலிருந்து ஒரு கதையை லண்டனில் வாசித்துக் காட்டினார். அதிலும் பேழை உண்டு, மலையில் தட்டிய கப்பல் உண்டு, கரை தேடப் பறக்கவிட்ட புறாவும் காகமும் உண்டு. நோவாவின் பெயர்தான் இல்லை.

அடுத்த மாதம் செட்ஜ்விக் காலமானார். பிரளயக் கொள்கையைக் கைவிட்டு 41 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசிவரை பாதிரியாராகவே இருந்தார்.