முதலில் விழுந்தது யார் தலை?

பிரிட்டனில் 2002-ம் ஆண்டு போலீஸ் சீர்திருத்தச் சட்டம் ஒரு புது உத்தியோகத்தைப் படைத்தது. போலீஸ் சமூகத் துணை அலுவலர் என்று பெயர். உடுப்பு உண்டு, சம்பளம் உண்டு; கைது செய்யும் அதிகாரம் மட்டும் கிடையாது. கான்ஸ்டபிள் வரும்வரை ஒருவரை அரை மணி நேரம் நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான்.

“பிளாஸ்டிக் போலீஸ்” என்று கேலி செய்தார்கள். மலிவாகத் தெருவை நிரப்பும் தந்திரம் இதில் இருந்தது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஒரே பேட்டையை நாள்தோறும் நடந்தே சுற்றுகிறவருக்கு, எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள், எந்தச் சந்தில் பையன்கள் கூடுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். கைது செய்ய முடியாதவரிடம் ஏழை ஜனங்கள் வாய் திறக்கிறார்கள். காரில் பறந்து போகும் போலீசுக்கு இது வாய்க்குமா?

2010-க்குப் பின் “சிக்கனம்” வந்தது. ஏறத்தாழ 17,000 பேர் இருந்தார்கள். பத்தாண்டுக்குள் 10,000-க்கும் கீழே போனார்கள். நார்போக் போலீஸ் 2018-ல் ஒருவர் பாக்கியில்லாமல் ஒழித்துவிட்டது.

ஏன் இவர்கள்? கான்ஸ்டபிளை ஆட்குறைப்புச் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. இவர்களோ சாதாரண ஊழியர்கள், நோட்டீஸ் போதும். ஆனால் 1919-ல் கான்ஸ்டபிள்கள் பறிகொடுத்த தொழிற்சங்க உரிமையும் வேலைநிறுத்த உரிமையும் இந்த ஊழியர்களிடம் இருக்கின்றன. சர்க்கார் மீண்டும் “பேட்டைப் போலீஸ்” என்று பேசினால், வெட்டிய இடங்களைத் திரும்பக் கொடு, நிரந்தர வேலையாகக் கொடு என்று அவர்களது சங்கம் கேட்கட்டும். பேட்டை ஜனங்களும் கூட நின்று கேட்கவேண்டும்.