பாதைக்குரிய ஏழு முழம்



கடந்த மாதம் ஜமாஅத் கூட்டத்தில் ஒரு மனு வாசிக்கப்பட்டது. ஆரணிக் கடைவீதிச் சந்திப்புகளில் நெரிசல் பொறுக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. பெருநகரங்களில் உள்ளதுபோல் வண்டிகளைத் தானே எண்ணி விளக்கை மாற்றும் சிக்னலும் கண்காணிப்புக் கேமராக்களும் அமைத்துத் தர வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தை வேண்டும் மனு. பட்டு வியாபாரம் செய்யும் சகோதரர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய சிரமம் உண்மையானது. படவேட்டிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் நெய்த சேலையைக் கொண்டுவருவோர், பட்டுநூல் வாங்கிச் செல்வோர், பள்ளிக்கூடப் பேருந்துகள், நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் யாவும் அதே குறுகிய வீதிகளில்தான் நுழைந்து வெளியேற வேண்டும். நாமும் கையெழுத்திட்டோம். ஆயினும் கையெழுத்திடும்போது உள்ளம் சற்றே உறுத்தியது. அந்த உறுத்தலைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

கேட்கப்படும் கருவி யாதென முதலில் அறிந்துகொள்வோம். பழைய சிக்னலுக்குக் கடிகாரம் மட்டுமே தெரியும். ஒரு திசையில் வண்டியே இல்லாவிட்டாலும் அங்கே பச்சை எரிந்துகொண்டிருக்கும். மறுதிசையில் வரிசை நீண்டுகொண்டே போகும். புதிய முறையில், சாலைக்கு அடியில் பதித்த கம்பிச்சுருளோ மேலே பொருத்திய கேமராவோ வண்டிகளைக் கண்டு எண்ணுகிறது. அந்த எண்ணிக்கைக்கேற்பக் கணினி பச்சையின் நேரத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது. அடுத்தடுத்த சந்திப்புகளை ஒன்றோடொன்று இணைத்து, ஒரு பச்சையைக் கடந்த வண்டி அடுத்த சந்திப்பிலும் நிற்காமல் செல்ல வழிசெய்கிறது. சிங்கப்பூரில் இத்தகைய முறை 1988 முதல் இயங்கி வருகிறது. அதற்கும் முன்னர், 1975லேயே, நெரிசல் வேளையில் நகரின் மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு அங்கே கட்டணம் விதித்தார்கள். 1998இல் மின்னணுக் கருவியே அதை வசூலிக்கத் தொடங்கியது. சவுத் பிரிட்ஜ் சாலையில் நம் தமிழ் முஸ்லிம் முன்னோர் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் தொழுதுவிட்டு ஊர் திரும்பும் உறவினர்கள், அவ்வூர்ச் சாலையின் ஒழுங்கைப் பேசிப் பேசி மாய்வதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். நம் மாநிலத்திலும் முயற்சி இல்லாமல் இல்லை. சென்னைப் பெருநகருக்கு இவ்வமைப்பை நிறுவுவதற்காக ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் 2018இல் ஏறக்குறைய 808 கோடி யென் கடன் வழங்க ஒப்பந்தம் செய்தது.

தேவை இல்லையென்று எவரும் கூற இயலாது. மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழகம்தான் முதலிடம்: 64,105. அவற்றில் 17,884 உயிர்கள் பிரிந்தன. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இயந்திரம் ஒன்று பார்த்து முடிவெடுப்பது நம் பகுதி நெசவாளருக்குப் புதிய செய்தி அன்று. தறியின்மேல் இருக்கும் ஜக்கார்டில் துளையிட்ட அட்டைகள், எந்த இழை மேலெழ வேண்டும், எது தாழ்ந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருகின்றன. மாங்காயும் மயிலும் அப்படித்தான் சேலையில் இறங்குகின்றன. ஆனால் பாவில் ஓர் இழை அறுந்தால் அட்டைக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு அடுத்த வரிசைக்குப் போய்விடும். தறியை நிறுத்தி, குனிந்து, அறுந்த இழையைத் தேடி முடிச்சிடுவது நெசவாளரின் விரல்தான். சாலையில் அறுந்து கிடக்கும் இழை எது என்பதை ஒரு வெள்ளிக்கிழமை நாம் கண்ணாரக் கண்டோம்.

ரமலானுக்கு முந்திய ஷஅபான் மாதம். நாம் ஜும்ஆ தொழும் பள்ளிவாசலில் குத்பா நடந்துகொண்டிருந்தது. வாசலுக்கு இருபுறமும், தெருவின் எதிர்ச்சுவர் வரையிலும், இருசக்கர வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்தன. பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஆரணி மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற ஆட்டோ அந்தத் தெருவில் வந்து நின்றது. ஒலிப்பான் திரும்பத் திரும்பக் கேட்டது. உள்ளே இருந்த நமக்கும் கேட்டது. இமாம் உரையாற்றும்போது பேசலாகாது என்ற சட்டம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஓர் உயிர் ஆபத்தில் இருந்தால் தொழுகையையே முறித்துக்கொண்டு எழ வேண்டும் என்ற சட்டமும் கிதாபில் இருக்கிறது. மத்ரஸாவில் அதைக் கற்றுக்கொடுப்பவர்களும் நாமே. எழுந்தவர் எவருமில்லை. ஒவ்வொருவரும், தடுப்பது தம் வண்டியாக இராது என்று எண்ணிக்கொண்டோம். கடைசியில் ஆட்டோ ஓட்டுநரும் எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் இருந்த இருவரும், கைப்பிடி பூட்டிய வண்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரம் வைத்தார்கள். கால் மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று.

அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலம். சில நாள் கழித்து அந்தப் பெண்ணின் தந்தை நம்மைத் தேடி வந்தார். தறி நெய்பவர். சண்டைக்கு வருகிறார் என்றே அஞ்சினோம். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பாய், வெள்ளிக்கெழம உங்க தொழுகை எத்தன மணிக்கு முடியும்னு சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும். கொழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகணும். அந்த நேரத்துல இந்தப் பக்கம் வராம பாத்துக்குறோம்" என்றார். அவர் நம்மைத் திட்டியிருந்தால் அன்றிரவு நமக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அந்தத் தெருவில் உலகத்தின் மிகச் சிறந்த சிக்னலை நட்டிருந்தாலும் என்ன நடந்திருக்கும்? நகராத ஆட்டோவைக் கேமரா கண்டிருக்கும். அதற்குப் பச்சையும் காட்டியிருக்கும். பச்சை எரிந்துகொண்டே இருந்திருக்கும். இருக்கும் பாதையை நேரமாகப் பங்கிட்டுத் தருவதுதான் அக்கருவியின் வேலை. நாம் எடுத்துக்கொண்ட பாதையை அது மீட்டுத் தராது.

பாதையின் உரிமை நம் மார்க்கத்தில் ஓரமான விஷயம் அன்று. பாதையில் கிடக்கும் துன்பம் தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதைச் சிறுவர்களும் ஒப்பிப்பார்கள். ஆனால் சுனன் அபூதாவூதில் வரும் இன்னொரு செய்தியை நாம் மிம்பரில் அதிகம் கேட்டதில்லை. ஒரு போர்ப் பயணத்தில் மக்கள் தங்குமிடங்களை நெருக்கடியாக்கி, வழியையும் அடைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள் ஓர் அறிவிப்பாளரை அனுப்பி, இடத்தை நெருக்கியவருக்கும் வழியை மறித்தவருக்கும் அந்த ஜிஹாதின் பலன் இல்லை என்று அறிவிக்கச் செய்தார்கள். சற்று நின்று சிந்தியுங்கள். அவர்கள் வீட்டையும் வாசலையும் விட்டு அல்லாஹ்வின் பாதையில் புறப்பட்டவர்கள். அத்தகையோரின் நற்செயலுக்கே இந்த எச்சரிக்கை என்றால், இரண்டு ரக்அத்துக்காகத் தெருவை அடைக்கும் நம் நிலை என்ன?

பாதையின் அகலத்தில் சச்சரவு எழுந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்பதும் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான தீர்ப்பே. அரஃபாவிலிருந்து திரும்பும்போது பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசை கேட்க, நிதானமாகச் செல்லுங்கள், விரைவில் நன்மை இல்லை என்ற கருத்தில் நபியவர்கள் மக்களை அமைதிப்படுத்தியதும் புகாரியில் உள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தெருக்களில் நிகழும் தீமைகளுக்கென்றே தனிப்பகுதி வைத்தார்கள். வழி குறுகும்படி பிராணிகளைத் தெருவில் கட்டுவது விலக்கப்பட வேண்டியது. இறங்கவும் ஏறவும் சுமையை இறக்கவும் தேவையான நேரத்துக்கு மட்டும் அனுமதி. ஹிஜ்ரி 505இல் மறைந்த ஓர் இமாம், இன்று போக்குவரத்துக் காவலர் பலகையில் எழுதிவைக்கும் விதியை அன்றே வகுத்துவிட்டார்கள். தர்பூசணித் தோலை வழியில் எறிவதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

கூட்டத்தில் ஓர் இளைஞர் வேறொரு கேள்வி எழுப்பினார். துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று சூரா அல்ஹுஜுராத் தடுக்கிறதே, தெருவெங்கும் கேமரா வைப்பது அந்தத் தஜஸ்ஸுஸ் ஆகாதா? இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளக் கூடாது. உமர் (ரலி) அவர்கள் சுவரேறி ஒருவரின் வீட்டுக்குள் பார்த்தபோது, தாங்கள் உளவு பார்த்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, அனுமதியும் கேட்கவில்லை என்று அம்மனிதர் எடுத்துரைக்க, கலீஃபா திரும்பிச் சென்றதாக ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. அது வீட்டுக்குள் நடந்தது. சாலை வீடன்று, அங்கே நாம் செய்யும் தவறு பிறர் உயிரைத் தொடும். சிவப்பு விளக்கைத் தாண்டிய வண்டியின் எண்ணைப் படம் பிடிப்பதை உளவு என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. 2021இல் வந்த மோட்டார் வாகன விதி 167ஏ, கேமரா உள்ள இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்கவும், குற்றம் நிகழ்ந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பவும் சொல்லுகிறது. அந்த வரம்புக்குள் நிற்கும் கேமராவை நாம் வரவேற்கலாம். அதே கருவி, பள்ளிவாசலுக்குள் நுழைபவர் யார் யார், எத்தனை மணிக்கு வந்தார், யாருடன் பேசினார் என்று முகங்களைச் சேகரிக்கத் தொடங்கினால் அது வேறு விஷயம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. எனவே மனுவில் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னோம்: பதிவுகள் போக்குவரத்துக் குற்றத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும். சேர்த்தார்கள்.

கேமராவைப் பற்றிப் பேசும்போது தொப்பியையும் சொல்லிவிடுவோம். தலைக்கவசம் அணிந்தால் தொப்பி கசங்கிவிடுகிறது என்று நம் மத்ரஸாப் பிள்ளைகள் காரணம் சொல்கிறார்கள். மூன்று பேர் ஒரே வண்டியில், மூவர் தலையிலும் வெள்ளைத் தொப்பி. தலைக்கவசம் அணியாமல் 2022இல் இந்நாட்டில் மாண்டவர்கள் மட்டும் 50,029 பேர். தொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள், பள்ளிவாசலில் அணிந்துகொள்ளலாம்.

கூட்டம் முடிந்த மறு வெள்ளியன்று ஒரு கயிறும் முழக்கோலும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தோம். வண்டிகள் நின்ற பின்பு தெருவில் மிஞ்சிய அகலத்தை அளந்தோம். இரண்டரை முழம். ஓர் ஆட்டோ நுழைய முடியாத அளவு. நிர்வாகத்தாரை அழைத்துக் கயிற்றைக் காட்டினோம். பேச்சு நீளவில்லை.

இப்போது ஏற்பாடு இதுதான். ஏழு முழத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. வண்டிகளை நிறுத்தத் தெருமுனையில் உள்ள காலி மனையை அதன் உரிமையாளர் வெள்ளிதோறும் தர ஒப்புக்கொண்டார். முதல் பாங்குக்கு முன்பே இரண்டு பெரிய மாணவர்கள் முனையில் நின்று வழிகாட்டிவிட்டுத் தொழுகைக்கு வந்துவிடுவார்கள். தாமதமாக வருபவரும் அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். முதியவர் சிலர் முணுமுணுக்கிறார்கள். பள்ளிவாசலுக்கு நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டென்று இத்தனை ஆண்டு நமக்குச் சொன்னவர்களே அவர்கள்தாம்!

அடுத்து ஆடி வருகிறது. ஆடி வெள்ளிகளில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தால் படவேட்டுச் சாலைகள் நிரம்பி வழியும். அதே வெள்ளியில்தான் நமக்கு ஜும்ஆவும். அந்த வாரங்களில் காலி மனை காலையிலேயே நிறைந்துவிடும் என்பதால், ஊருக்குள் இருப்போர் வண்டியே எடுக்காமல் வருவதென்று முடிவாகியுள்ளது. வெளியூர்ச் சகோதரர்கள் சற்று முன்னதாகப் புறப்படுங்கள். தடுப்பூசிக்குப் போக நேரம் கேட்ட அந்தத் தறிக்காரரிடம், எந்த நேரத்திலும் இவ்வழியே வரலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.