எமலோகத்து குமாஸ்தா

சினிமாவில் எமதர்மராஜனைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கிரீடம், கதாயுதம், எருமை எல்லாம் உண்டு. ஆபீஸ் நிர்வாகம் மட்டும் படுமோசம்!

1960-ல் வந்த 'நான் கண்ட சொர்க்கம்' பார்த்திருக்கிறீர்களா? தங்கவேலு ஹீரோ, சௌகார் ஜானகி ஜோடி. உயிரோடு எமலோகம் போய், அங்கே இருப்பவர்கள் உயிரை எடுக்கிற ஆசாமியின் கதை! டைரக்டர் சி.புல்லையா அதே கதையை அதே வருடம் என்.டி.ராமராவை வைத்துத் தெலுங்கிலும் எடுத்தார்: 'தேவாந்தகுடு'. இரண்டுக்கும் தாய்வீடு வங்காளம். பானு பானர்ஜி என்ற காமெடி நடிகர் கலக்கிய 1958 படம், 'ஜமாலயே ஜீபந்த மானுஷ்'. 'எமலோகத்தில் உயிருள்ள மனிதன்' என்று அர்த்தம்.

அதற்கும் ஆதிமூலம், 19-ம் நூற்றாண்டில் தீனபந்து மித்ரா எழுதிய நகைச்சுவைக் கதை. 1860-ல் 'நீல் தர்பண்' நாடகம் எழுதினாரே, அவரேதான். மனுஷருக்கு உத்தியோகம் எங்கே தெரியுமோ? தபால் இலாகாவில்! விலாசம் மாறிப் போகிற சமாசாரம் அவருக்குத் தெரியாதா என்ன?

அப்புறம் எமனுக்கு விடிவே இல்லை. 1980-ல் சிவாஜியின் 'எமனுக்கு எமன்'. 1990-ல் 'அதிசயப் பிறவி'... நேரம் வராத ரஜினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். 1995-ல் 'லக்கி மேன்'... கவுண்டமணி எமன், செந்தில் சித்ரகுப்தன். ரிஜிஸ்டரே காணாமல் போச்சு! வெள்ளைக்காரன் மட்டும் ஒழுங்கா? 1941-லேயே 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டான்' படத்தில் ஒரு குத்துச்சண்டை வீரரை அவசரப்பட்டு மேலே கூட்டிப் போனார்கள்.

சிரித்தாகிவிட்டதா? இனி எங்க ஊர் மங்கலம்பேட்டை கதை.

என் பெரியப்பா ரிட்டையர்டு வாத்தியார். ஒரு மாசம் பென்ஷன் வரவில்லை. ஆபீஸில் போய்க் கேட்டார்.

"ஐயா, உங்க பேருக்கு நேரா 'காலமானார்'னு இருக்குங்களே..."

"அதான் நேர்லயே வந்து நிக்கிறேனே தம்பி!"

"நேர்ல வந்தா போதுங்களா? சர்ட்டிபிகேட் வேணும்ல!"

மூன்று மாசம் விருத்தாசலத்துக்கு பஸ்ஸிலேயே நடையாய் நடந்தார். சர்க்கரை மாத்திரைக்குக் காசில்லாமல் பெரியம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. தங்கவேலு இருந்தால்கூட அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரித்திருக்க மாட்டோம்.

பெரியப்பாவாவது பரவாயில்லை. உத்தரப் பிரதேசம் அசம்கர் மாவட்டத்து லால் பிஹாரியை, நிலத்துக்காக உறவுக்காரர்களே பதிவேட்டில் சாகடித்துவிட்டார்கள். மனிதர் தன் பெயரோடு 'மிருதக்', அதாவது இறந்தவர் என்று சேர்த்துக்கொண்டார். தன்னைப் போன்ற 'பிணங்களுக்கு' ஒரு சங்கம் வைத்தார். 1989-ல் அமேதி தொகுதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலிலேயே நின்றார். சர்க்கார் அவருக்கு உயிர் கொடுத்தது 1994-ல்தான். 2021-ல் அவர் கதையும் 'காகஸ்' என்று இந்திப் படமாகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். சினிமாவில் ஹீரோ நேரே எமன் சிம்மாசனத்துக்குப் போய்ச் சண்டை போடுகிறான். எமனும் முழித்துக்கொண்டு தப்பை ஒப்புக்கொள்கிறார். இங்கே எந்த கவுன்ட்டரில் யார் ஒப்புக்கொள்கிறார்கள்?

ஆபீஸ் நண்பர்களே, அடுத்த முறை ஒரு பெயருக்கு நேரே பேனாவை வைக்கும்போது, தலையை நிமிர்த்தி எதிரே நிற்பவரை ஒரு தரம் பாருங்கள். எமனாவது எருமை மேல் ஏறி நேரில் வருகிறார். நாம் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லையே!